ஐந்து வயதுவரை: மலேரியாவை உடல் தாங்கும் விதமும் தடுப்பூசியின் வேலையும்

1899ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராபர்ட் கோச் ஜாவாத் தீவில் இருந்தார். காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளை அடையாளம் காட்டிய அந்த ஜெர்மானிய மருத்துவரின் கவனம் அப்போது மலேரியாவின் மீது திரும்பியிருந்தது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்திலும் கல்கத்தாவிலும் நிறுவிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கோச் செய்தது பார்வைக்கு எளிய வேலை. ஊர் ஊராகப் போய், காய்ச்சலில் கிடந்தவர்களை மட்டுமல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களையும் நிறுத்தி, ஆளுக்கொரு துளி ரத்தம் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, வயதுவாரியாகக் கணக்கெழுதினார். மலேரியா விடாமல் நிலவிய ஊர்களில் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏராளமாக இருந்தது. வயது கூடக் கூட அது குறைந்தது. பெரியவர்களிடம் தேடினாலும் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் படுத்து ஒரே கொசுவிடம் கடி வாங்கியவர்களுக்குள்தான் இத்தனை வேறுபாடு. அடுத்த ஆண்டு நியூகினித் தீவிலும் அவர் இதையே கண்டார். திரும்பத் திரும்ப நோய்ப்பட்டே மனித உடல் மலேரியாவை அடக்கப் பழகிக்கொள்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தக் கணக்கிலிருந்து எழுந்த நம்பிக்கைக்கு வயது நூற்றுக்கும் மேல். இயற்கையாக வரும் எதிர்ப்பாற்றல் ஒன்று உண்டு என்றால் அதைச் செயற்கையாக ஊட்டவும் முடியும். அந்த ஊர்ப் பெரியவரின் உடலில் இருப்பது எது என்று கண்டுபிடித்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்பது அதன் சாரம். பெரியம்மை முதல் தட்டம்மை வரை பல தடுப்பூசிகள் இந்த வழியில்தான் வென்றன. மலேரியாவில் இது வெல்லவில்லை. இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் இரண்டு தடுப்பூசிகளும் இயற்கை எதிர்ப்பாற்றலைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. இயற்கை கைவைக்காத இடத்தில் கைவைத்து வந்தவை. அப்படியானால் இயற்கை எதிர்ப்பாற்றலைப் பற்றி இவ்வளவு காலம் ஆராய்ந்தது வீண்தானா? இல்லை என்பதே என் வாதம். தடுப்பூசி எதைப் போல இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி அல்ல. தடுப்பூசி யாரை, எந்த வயதில், எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

முதலில் இந்த எதிர்ப்பாற்றலின் தன்மையைப் பார்க்க வேண்டும். தட்டம்மை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் மறுபடி வராது. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 65 ஆண்டுகளுக்கு முன் 1781இல் அது வந்து போன முதியவர்கள் தப்பியதை டேனிய மருத்துவர் பேனும் பதிவுசெய்தார். மலேரியா அப்படி அல்ல. அதன் எதிர்ப்பாற்றல் ஒரே பொருளாக வருவதில்லை. படிப்படியாக, வெவ்வேறு வேகத்தில் வருகிறது. சாவிலிருந்து காக்கும் ஆற்றல் முதலில் வருகிறது. காய்ச்சலிலிருந்து காக்கும் ஆற்றலுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒட்டுண்ணி உடலுக்குள் நுழையாமல் தடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய வருவதே இல்லை. மூன்றாவதற்கு நல்ல சான்று மாலி நாட்டின் கலிஃபாபூகு கிராமத்திலிருந்து கிடைத்தது. அங்கே 4 வயது முதல் 25 வயது வரையிலானவர்களின் உடலில் மழைக்காலத்துக்கு முன்பே மருந்தால் ஒட்டுண்ணியை நீக்கிவிட்டு, மழை தொடங்கியதும் மரபணுச் சோதனையால் விடாமல் கண்காணித்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, ஒட்டுண்ணி தொற்றுவதில் சிறுவருக்கும் பெரியவருக்கும் வேறுபாடு இல்லை. காய்ச்சலில் விழுவதில்தான் வேறுபாடு. ஒவ்வொரு மழைக்காலமும் கடிபட்டு வளர்ந்த இளைஞர்களும் குழந்தைகளைப் போலவே ஒட்டுண்ணியை ஏற்றார்கள். அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

முதல் படியின் வேகம் இதற்கு நேர்மாறானது. சுனேத்ரா குப்தாவும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட கணக்கீடு, மூளையைத் தாக்காத வகைக் கடும் மலேரியாவுக்கு எதிரான பாதுகாப்பு ஒன்றிரண்டு தொற்றுகளிலேயே வந்துவிடுகிறது என்றது. 2014இல் தான்சானியாவின் முஹேசா பகுதியிலிருந்து வந்த ஆய்வு இதற்கு இன்னொரு கோணம் தந்தது. பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 882 குழந்தைகளில் சுமார் நூறு பேருக்குக் கடும் மலேரியா வந்தது. ஆனால் அதே அளவு ஒட்டுண்ணியைச் சுமந்த வேறு பல குழந்தைகள் சாதாரணக் காய்ச்சலோடு தப்பினார்கள். ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் உயிர் பிழைப்பு வருவதில்லை என்பது இதன் பொருள். உடல் முதலில் கற்பது தாங்கிக்கொள்வதை. அழிப்பதைப் பிறகுதான் கற்கிறது.

இந்தக் கல்விக்குக் கட்டணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் மலேரியாவுக்கு 5,97,000 பேர் பலியானார்கள். அவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அங்கு இறந்தவர்களில் நான்கில் மூவர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். மலேரியா நிலவும் ஊரின் திடமான பெரியவர் என்று நாம் காண்பவர் அந்த ஐந்து ஆண்டுகளைக் கடந்து வந்தவர். கடக்காதவர்கள் கணக்கில் இல்லை. இயற்கை எதிர்ப்பாற்றலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை ஒரு நொடியாவது நினைத்துப் பார்ப்பது நல்லது.

அந்த ஆற்றல் இல்லாத மக்களிடம் மலேரியா நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, இலங்கையே போதும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்து ஓடும் ஈரவலய ஆறுகள் வற்றி, மணல் படுகையில் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. அனோஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்னும் கொசுவுக்கு வெயில் படும் இத்தகைய தெளிந்த தண்ணீர்தான் பிடித்தமான பிறப்பிடம். ஆண்டின் இறுதியில் காய்ச்சல் மூண்டது. சில மாதங்களுக்குள் சுமார் 80,000 உயிர்கள் போயின. மிகக் கடுமையாக அடி வாங்கிய இடங்களில் ஒன்று கேகாலை; வழக்கமாக மலேரியா அதிகம் இல்லாத ஈரவலய மாவட்டம் அது. ஆண்டாண்டாகக் காய்ச்சலோடு வாழ்ந்த வறண்ட வலயத்தின் வடபகுதியில் அந்தக் கொள்ளைநோய் அவ்வளவு ஆடவில்லை. மழையும் ஆறும் கொசுவும் இதற்குக் காரணங்கள்தான். என்றாலும் மக்களின் ரத்தத்தில் பழைய அனுபவம் இருந்ததா இல்லையா என்பதும் சாவின் வரைபடத்தைத் தீர்மானித்தது. ஈரவலயத்தில் பெரியவர்களும் வீழ்ந்தார்கள். பஞ்சமும் பசியும் மிச்ச வேலையைச் செய்தன.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். இயற்கை எதிர்ப்பு என்று பொதுவாகப் பேசும்போது, பிறப்பிலேயே மரபணு வழி வருவதும் அதில் கலந்துவிடுகிறது. அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியா மிக அரிதாகவே வருகிறது. 1954இல் ஆந்தனி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பைக் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல்கள் இருப்பதை லேமனும் கட்புஷும் கண்டு எழுதியிருந்தார்கள்.  தடுப்பூசி செய்பவருக்கு இந்த மரபணு வழி எதிர்ப்பால் நேர் பயன் குறைவு. சிவப்பணுவின் அமைப்பை ஊசியால் மாற்ற முடியாது. நம் கேள்வி, வாழ்ந்து பெறும் எதிர்ப்பாற்றலைப் பற்றியது.

அந்த ஆற்றல் ரத்தத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிய சோதனை 1961இல் வெளியானது. காம்பியாவில் பணியாற்றிய இயன் மெக்ரிகரும் அவருடைய தோழர்களான கோஹனும் கேரிங்டனும், மலேரியாவோடு வளர்ந்த காம்பியப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினைப் பிரித்தெடுத்தார்கள். ஒட்டுண்ணி மிகுந்து காய்ச்சலில் கிடந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது, காய்ச்சல் தணிந்தது. மலேரியா இல்லாத நாட்டவரின் ரத்தத்திலிருந்து எடுத்த அதே பொருளுக்கு அந்த ஆற்றல் இல்லை. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே சேய்க்குப் போகிறது என்பதால், மலேரியா ஊர்களில் பிறந்த குழந்தை முதல் சில மாதங்கள் ஓரளவு தப்புவதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஆப்பிரிக்கப் பெரியவர்களின் எதிர்ப்பொருளைத் தாய்லாந்து நோயாளிகளுக்குக் கொடுத்தபோதும் ஒட்டுண்ணி அடங்கியது. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் வேலை செய்தது. கூர்ந்து பார்த்தால் இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரு குறிப்பு மறைந்திருக்கிறது: எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியைக் குறைத்ததே தவிர, முற்றாக ஒழித்துவிடவில்லை. அன்று எழுந்த உற்சாகத்தில் இந்தக் குறிப்புக்குரிய கவனம் கிடைக்கவில்லை.

எதிர்ப்பொருள் இருக்கிறது, அது வேலையும் செய்கிறது என்றால், அதை அடைய ஏன் இத்தனை ஆண்டுகள்? பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி, தான் புகுந்த சிவப்பணுவின் வெளிப்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அதைப் பிடிமானமாகக் கொண்டு சிவப்பணு ரத்தநாளத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரலுக்குப் போய் அழியாமல் தப்புகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுக்கள் ஒவ்வொரு ஒட்டுண்ணியிடமும் ஏறத்தாழ அறுபது உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது பயன்படுத்தும். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்து முடிப்பதற்குள் இன்னொன்றுக்கு மாறிவிடும். போலீஸ் தேடும்போது சட்டை மாற்றிக்கொள்ளும் திருடனைப் போல. ஒரு ஒட்டுண்ணியின் அறுபதும் இன்னொரு ஒட்டுண்ணியின் அறுபதும் ஒன்றல்ல. ஆகவே, ஒரு கிராமத்தில் புழங்கும் வடிவங்களில் பெரும்பாலானவற்றைச் சந்தித்து முடிக்கக் குழந்தைப் பருவம் முழுவதும் தேவைப்படுகிறது. இது ஒரு விளக்கம். முழு விளக்கம் அல்ல என்பதை இந்தோனேசியாவில் கெவின் பெயர்டின் குழு காட்டியது. மலேரியா இல்லாத ஜாவாப் பகுதிகளிலிருந்து பப்புவாவுக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில், பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே நாளில் முதல் கடி வாங்கத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் பெரியவர்கள் குழந்தைகளைவிடத் தெளிவாக அதிகப் பாதுகாப்பு பெற்றிருந்தார்கள். சந்தித்த வடிவங்களின் எண்ணிக்கை இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். உடலின் முதிர்ச்சிதான் வேறு. அதாவது, குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பே இதைக் கற்க மெதுவாக இயங்குகிறது. பெரியவரின் எதிர்ப்பாற்றலை அப்படியே குழந்தைக்கு ஊட்டிவிடலாம் என்ற திட்டத்தில் இது பெரிய ஓட்டை.

அந்தத் திட்டத்தில் பிறந்த தடுப்பூசிகளின் கதை அதற்கேற்பவே போனது. சிவப்பணுவுக்குள் நுழையும் கட்டத்தில் ஒட்டுண்ணியின் மேல் இருக்கும் புரதங்களுக்கு எதிராகப் பெரியவர்களின் ரத்தத்தில் ஏராளமான எதிர்ப்பொருள் இருக்கிறது. எனவே அவற்றையே ஊசியாக்கினார்கள். ஏஎம்ஏ1 என்ற புரதத்தை வைத்து மாலியின் பந்தியாகராவில் குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வந்தது. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு இல்லை. ஆனால் ஊசியில் இருந்த வடிவத்தை ஒத்த ஒட்டுண்ணிக்கு எதிராக மட்டும் 64 சதவீதப் பலன். அதே ஊரில் அதற்கு முன் செய்த கணக்கெடுப்பில் அந்த ஒரே புரதத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் கிடைத்திருந்தன. ஒன்றைத் தடுத்து என்ன பயன்? பப்புவா நியூகினியில் எம்எஸ்பி2 என்ற புரதத்தைக் கொண்ட ஊசியும் இப்படித்தான்: அந்த வடிவம் குறைந்தது, மாற்று வடிவம் அந்த இடத்தைப் பிடித்தது. ஆய்வு முறையிலும் ஒரு பொறி இருந்தது. மலேரியா ஊரில் ஒருவரிடம் எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது என்றால், அது அவரைக் காக்கிறது என்றும் கொள்ளலாம். அவர் நிறையக் கடிபட்டிருக்கிறார் என்றும் கொள்ளலாம். குளக்கரையில் வீடு உள்ளவருக்கு எதிர்ப்பொருளும் அதிகம், காய்ச்சலும் அதிகம். எது காரணம், எது தடயம் என்று பிரிக்காமல் பல ஆண்டுகள் பல புரதங்களின் பின்னால் ஓடியது இந்தத் துறை.

இயற்கையைப் போலச் செய்வதற்கு மிகத் தகுதியான ஒரே இடம் கர்ப்பகால மலேரியா என்று நெடுங்காலம் கருதப்பட்டது; அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மலேரியா நிலவும் ஊரில் வளர்ந்த பெண், இருபது வயதில் ஆணுக்கு நிகராக எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கிறாள். முதல் கர்ப்பம் தரித்ததும் மறுபடி மலேரியாவுக்கு இரையாகிறாள்; ரத்தசோகை வருகிறது, குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. இரண்டாம், மூன்றாம் கர்ப்பத்தில் ஆபத்து குறைந்துவிடுகிறது. இந்தப் புதிரை 1996இல் மிகல் ஃப்ரீடும் பேட்ரிக் டஃபியும் அவிழ்த்தார்கள். கருவுக்கு உணவூட்டும் நஞ்சு ஒரு புதிய உறுப்பு; அதில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்ற சர்க்கரைப் பொருள் உண்டு. வேறெங்கும் பிடிமானம் கிடைக்காத ஒரு வகை ஒட்டுண்ணி அங்கே போய்க் குவிகிறது. அந்தப் பெண்ணின் உடல் அதுவரை அந்த வகையைச் சந்தித்ததே இல்லை. ஆண்களின் ரத்தத்தில் ஆயுள் முழுவதும் அதற்கு எதிர்ப்பொருள் வருவதில்லை. ஓரிரு பிரசவங்கள் கண்ட பெண்களின் எதிர்ப்பொருளோ, வேறு வேறு நாடுகளிலிருந்து எடுத்த நஞ்சு ஒட்டுண்ணிகளையும் ஒட்டவிடாமல் தடுத்தது. 2003இல் அதற்குப் பொறுப்பான வார்2சிஎஸ்ஏ என்ற புரதமும் அடையாளம் காணப்பட்டது. இலக்கு ஒன்று, பாதுகாப்பு தெளிவு, கற்கும் காலம் ஓரிரு கர்ப்பம்தான். இயற்கையைப் பார்த்துச் செய்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. இந்தப் புரதத்தின் துண்டுகளைக் கொண்ட இரண்டு தடுப்பூசிகள் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தன. அவை தூண்டிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஊசியில் இருந்த வடிவத்தையே தடுத்தது. தாய்மார்களின் ரத்தத்தில் காணும் அந்தப் பரந்த ஆற்றல் வரவில்லை. மிக எளிய உதாரணத்திலேயே இந்த நிலை.

வெற்றி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1967இல் ரூத் நுஸ்ஸென்ஸ்வைக், கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தி, அவை மலேரியாவிலிருந்து தப்புவதைக் காட்டினார். கொசு கடிக்கும்போது உமிழ்நீரோடு உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணியின் முதல் வடிவம்தான் ஸ்போரோசோயிட். 1973இல் டேவிட் கிளைட் மனிதத் தன்னார்வலர்களிடமும் அதையே செய்து காட்டினார். கதிர்வீச்சு பட்ட கொசுக்களிடம் நூற்றுக்கணக்கில் கடி வாங்க வேண்டியிருந்தது. ஆனால் கிடைத்தது முழுத்தடுப்பு. இயற்கையில் காணாத ஒன்று இது. காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. இயல்பான ஒரு கடியில் உள்ளே போவது சில பத்து ஸ்போரோசோயிட்டுகள். சில மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குப் போய் மறைந்துவிடுகின்றன. உடல் பார்த்து, பயந்து, படை திரட்டும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கல்லீரல் செல்லிலிருந்தும் பல்லாயிரமாகப் பெருகி ரத்தத்தில் இறங்கும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது. ஆகவே வாழ்நாள் முழுவதும் கடிபட்டவரிடமும் ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் சொற்பமாகவே இருக்கிறது. அந்தப் புரதத்தைத்தான் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும், ஆக்ஸ்ஃபோர்டும் புனேயின் சீரம் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆர்21 தடுப்பூசியும் குறிவைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் முதலாவதை 2021 அக்டோபரிலும் இரண்டாவதை 2023 அக்டோபரிலும் பரிந்துரைத்தது.

இந்த வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தும் சோதனை மறுபடி அதே கலிஃபாபூகுவில் நடந்தது. வலுவிழந்த ஸ்போரோசோயிட் தடுப்பூசி பெற்ற ஒரு தன்னார்வலரின் உடலிலிருந்து மேலுறைப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, ரத்தத்தில் நெடுநாள் நிற்கும்படி திருத்தி, அந்த ஊரிலும் பக்கத்திலும் உள்ள பெரியவர்களுக்கு ஒரே ஒருமுறை ஏற்றினார்கள். 2022இல் வந்த முடிவின்படி, கூடிய அளவு பெற்றவர்களிடம் ஆறு மாத மலேரியாப் பருவம் முழுவதும் தொற்றைத் தடுப்பதில் 88 சதவீதப் பலன். இருபது முப்பது ஆண்டுகள் கடிபட்டும் அந்த ஊராருக்குக் கிடைக்காத ஒன்று ஒரு நாளில் கிடைத்தது. சிவப்பணுவுக்குள் நுழைய ஒட்டுண்ணி பயன்படுத்தும் ஆர்ஹெச்5 என்ற புரதத்தின் கதையும் இதே பக்கம் சாய்கிறது. இயற்கைத் தொற்றில் அதற்கு எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவே வருகிறது. ஒருவேளை அதனால்தான் அது வடிவம் மாறாமல் இருக்கிறது. புர்கினா ஃபாசோவில் அதைக் கொண்ட தடுப்பூசி குழந்தைகளிடம் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 55 சதவீதப் பலன் காட்டியதாக அண்மைச் சோதனை சொல்கிறது. உடல் அதிகம் தாக்கும் இலக்குகள்தான் அதிகம் வடிவம் மாறியவை என்றால், அதிகம் தாக்காத இலக்கில் கைவைப்பதுதான் புத்தி.

அப்படியானால் இயற்கை எதிர்ப்பாற்றலை மூட்டை கட்டிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. இந்தத் தடுப்பூசிகளுக்கு ஆயுள் குறைவு. ஆர்டிஎஸ்,எஸ்ஸின் பெருஞ்சோதனை 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகளிடம் நடந்தது. ஐந்து முதல் பதினேழு மாதக் குழந்தைகளில் நான்கு தவணையும் பெற்றவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் காய்ச்சல் 36 சதவீதம் குறைந்தது. நான்காம் தவணை இல்லாதவர்களுக்கு 28 சதவீதம். முன்னதாகக் கென்யாவின் கிலிஃபியில் மூன்று தவணை மட்டும் பெற்ற ஒரு குழுவை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, முதல் ஆண்டில் 36 சதவீதமாக இருந்த பலன் ஏழு ஆண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் 4 சதவீதமாகச் சுருங்கியது. கொசு மிகுந்த இடங்களில் ஐந்தாம் ஆண்டில் ஊசி போட்ட குழந்தைகளுக்கு, போடாதவர்களைவிடக் கூடுதலாகவே காய்ச்சல் வந்தது. விளக்கம் எளிது. ஊசி போடாத குழந்தை அதற்குள் பலமுறை நோய்ப்பட்டுத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. ஊசியின் நிழலில் இருந்த குழந்தை அந்தப் பாடத்தைத் தாமதமாகத் தொடங்கியது.

இதைக் கொண்டுதான் வலுவான மறுப்பு எழுகிறது: தடுப்பூசி சாவைத் தவிர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது, இயற்கையின் வேலையைக் கெடுக்கிறது என்று. இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது இரண்டு இடத்தில் தவறுகிறது. காய்ச்சலின் எண்ணிக்கையையும் சாவின் எண்ணிக்கையையும் அது ஒன்றாகக் கொள்கிறது. மலேரியா எட்டு மாதக் குழந்தையைக் கொல்லும் விகிதத்தில் ஆறு வயதுக் குழந்தையைக் கொல்வதில்லை. தாமதமாக வரும் காய்ச்சல், வளர்ந்த உடலுக்கு வரும் காய்ச்சல். பப்புவாவில் குடியேறியவர்கள் காட்டியதும் அதுதான்: முதிர்ந்த உடல் விரைவாகக் கற்கிறது. இரண்டாவதாக, தடுப்பூசி எல்லாத் தொற்றையும் நிறுத்துவதில்லை; நடுநடுவே சிறு அளவில் தொற்று நேர்ந்துகொண்டே இருக்கிறது. சாவைத் தடுக்கும் ஆற்றல் ஓரிரு தொற்றிலேயே தொடங்குகிறது என்ற குப்தாவின் கணக்கு சரியென்றால், குழந்தை அந்தப் பாடத்தை முற்றாக இழப்பதில்லை. வாதத்தை விட்டு விளைவைப் பார்த்தாலும் முடிவு இதுவே. 2019 முதல் கானா, கென்யா, மலாவி நாடுகளில் வழக்கமான தடுப்பூசிகளோடு முன்னோடித் திட்டமாக ஆர்டிஎஸ்,எஸ் கொடுக்கப்பட்டபோது, அந்த வயதுக் குழந்தைகளின் ஒட்டுமொத்த இறப்பு, எந்தக் காரணத்தால் ஆனாலும், 13 சதவீதம் குறைந்தது. மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஊசியும், பருவம் முழுக்கத் தடுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுத்த சோதனையில், மருந்து மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட மலேரியாச் சாவு ஏறத்தாழ 73 சதவீதம் குறைந்தது. மழை வரும் மாதம் தெரிந்த நாடுகளில் குறுகிய ஆயுள் ஒரு குறையே அல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு. மலேரியாவை ஒழிப்பதே குறிக்கோள் என்றால், நோயைத் தாங்கும் ஆற்றலை நம்பித் திட்டமிடுவது தவறில்லையா? இதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சலின்றி ஒட்டுண்ணியைச் சுமக்கும் பெரியவர், தன்னைக் காத்துக்கொண்டு ஊருக்குப் பரப்புகிறார். இயற்கை எதிர்ப்பாற்றல் ஆளைக் காக்கும், ஊரைக் காக்காது. தொற்று குறைந்தால் அந்த ஆற்றலும் தேய்ந்துபோகிறது, பிறகு தீப்பொறி விழுந்தால் போதும். இலங்கையில் 1963இல் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே; கண்காணிப்பு தளர்ந்ததும் 1968, 69இல் ஐந்து லட்சத்தைத் தொட்டது. மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் 1980களின் இறுதியில் மலேரியா திரும்பி வந்தபோது, கொசு மருந்தடிப்புக் காலத்துக்கு முன் சிறுவயதில் அதைக் கண்டிருந்த முதியவர்கள் ஓரளவு தப்பியது பதிவாகியிருக்கிறது. அந்த ஆற்றலின் ஏதோ ஒரு பகுதி பல பத்தாண்டுகள் நிற்கிறது என்பதற்கு அது சான்று; ஆனால் அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது உதவவில்லை. இலங்கையை 2016இல் மலேரியா இல்லாத நாடாக்கியது மக்களின் எதிர்ப்பாற்றல் அல்ல, தடுப்பூசியும் அல்ல. ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்பிடித்த களப்பணி. ஒழிப்புக்கு அருகே வந்துவிட்ட நாடுகளுக்குத் தொற்றையும் பரவலையும் தடுக்கும் வேறு தடுப்பூசி தேவைப்படலாம். ஆண்டுக்குப் பல லட்சம் குழந்தைகளை இழக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை.

ஆகவே, நடைமுறையில் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு தேய்ந்து, சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் வராத இடைவெளியை நிரப்புவதே இன்றைய ஊசியின் வேலை. அந்த இடைவெளி ஏறத்தாழ ஐந்து மாதத்தில் தொடங்கி ஐந்து வயதுவரை நீள்கிறது. முதல் மூன்று தவணைகள் அதன் முன்பாதியைத்தான் மூடுகின்றன; நான்காம் தவணை இரண்டு வயதை ஒட்டி வருகிறது. முன்னோடித் திட்டம் நடந்த மூன்று நாடுகளிலும் அந்த நான்காம் தவணைக்குத்தான் வந்த குழந்தைகள் மிகக் குறைவு. அந்த வயதில் வேறு ஊசி எதற்கும் தாய் மருத்துவ நிலையத்துக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லாததும், நடந்து வரும் தூரமும் காரணங்கள். கானா நான்காம் தவணையை 24 மாதத்திலிருந்து 18 மாதத்துக்கு முன்தள்ளி, தட்டம்மையின் இரண்டாம் ஊசியோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. மற்ற நாடுகளும் தாமதிக்காமல் செய்ய வேண்டியது இதுதான்.